லூசியாக்கா எழுதிய ஆயில் தேதி

“வந்தவன் எத்தினி பேருன்னு கேக்கறாங்க. திரும்பி வந்தவன் எத்தினி பேருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்.”

திண்டிவனம் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருந்த லூசியா இதைச் சொல்லாத நாள் கிடையாது. டீக்கடையில் சொல்வாள். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொல்வாள், அவர் டிக்கெட்டைக் கிழித்தபடியே “யாரும்மா வரல?” என்பார். லேப் டெக்னீசியன் தேவநாதனுக்கு அது மனப்பாடம். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாலே முதல் வரியை அவள் குரலில் சொல்லிவிடுவான். இரண்டாம் வரியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

காரணம் இருந்தது. கிருமி உடம்புக்குள் புகுந்த முதல் சில வாரங்களில் அவர்களிடம் இருந்த பரிசோதனையில் அது பிடிபடாது. ‘இல்லை’ என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நம்பலாம். ஆனால் விழுப்புரத்தில் நடக்கும் எய்ட்ஸ் தடுப்புத் திட்டக் கூட்டத்தில் கொடுக்கும் படிவத்தில் திரும்பி வந்தவர்களுக்குக் கட்டமே இல்லை. லூசியா மாதாமாதம் ஸ்கேல் வைத்துத் தானே ஒரு கட்டம் போட்டு நிரப்பி அனுப்புவாள். அங்கே அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

லாரிக்காரர்களைத் திரும்ப வரவழைக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தால், பெண்டாட்டி கண்ணில் பட்டுவிடும் என்று வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் இன்ஜின் ஆயில் மாற்றும் தேதியை எந்த டிரைவரும் ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டி வைத்திருப்பான். லூசியாவும் அதே மாதிரி அட்டையில் எழுதிக் கொடுத்தாள். ‘ஆயில், ஆகஸ்ட் 14, லூசியா, திண்டிவனம்.’

அப்படி ஓர் அட்டையை 2007 மே மாதம் வாங்கிப் போனவன் அந்தோணி பிரபு, கோலியனூர்க்காரன். காய்ச்சல், மார்பெல்லாம் செம்புள்ளி, கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

“மூணு வாரம் முன்ன நாக்பூர் ரோட்டுல ஒரு தப்பு பண்ணிட்டேன்கா.”

பரிசோதனையில் இல்லை என்று வந்தது. லூசியாவுக்கு அந்த நெறியும் புள்ளியும் பிடிக்கவில்லை. அட்டையைக் கையில் திணித்து, தேதியை மூன்று முறை சொல்ல வைத்துத்தான் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 14 அன்று வண்டி சொன்னபடி வந்தது. இறங்கியவன் வேறு ஆள், நடராசன் என்று பேர்.

“அக்கா, இந்த ஊருல பாதி பேரக் கேட்டுக்கினு வர்றேன். ஆயில் எங்க ஊத்துவீங்க? இன்னா ஜன்னலுக்கு கர்ட்டன்லாம் போட்டு வச்சிக்கீறீங்க?”

தேவநாதன் சிரிப்பை அடக்க லேபுக்குள் ஓடினான். லூசியா சிரிக்கவில்லை.

“பிரபு எங்கப்பா?”

“அவன் வேற வண்டிக்கு மாறிட்டான்கா. கல்யாணம் வருதே, லாங் போக வேணாம்னு லோக்கல்ல மல்லாட்டை லோடு அடிச்சிக்கினு கீறான். பொண்ணு உங்க ஊருதான்.”

அட்டை வண்டியோடு போய்விடும் என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. “அவன் ஆயில் பாக்கி இருக்குன்னு சொல்லு. அவனுக்குப் புரியும்” என்று சொல்லி அனுப்பினாள்.

வந்த ஞாயிறு மாதா கோயிலில், தாலி கட்டுவதற்கு முன் மூன்று ஞாயிறு படிக்கும் கல்யாண ஓலையில் முதலாவதைப் படித்தார்கள். கோலியனூர் அந்தோணி பிரபு, நம் பங்கைச் சேர்ந்த ஜெசி. ஜெசி, லூசியா வீட்டுக்கு நாலாவது வீட்டுப் பெண். “இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று சாமியார் மூக்கால் இழுத்தார். முன்வரிசையில் ஜெசி முக்காட்டைச் சரிசெய்தபடி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். இன்னும் இரண்டு ஓலை, அப்புறம் தாலி. அன்று லூசியா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாமியார் காதுல லேசாப் போட்டு வச்சா இன்னாக்கா?” என்றான் தேவநாதன்.

“இன்னான்னு போடுவ? அவனுக்கு இருக்குதா இல்லியான்னே தெரியாது. தெரிஞ்சாலும் நான் வாயத் தொறந்தேன்னு வச்சிக்கோ, நாளைக்கு ஒருத்தனும் இந்தப் படி ஏற மாட்டான். நீயும் நானும் ஈ ஓட்டிக்கினு குந்திருக்க வேண்டிதான்.”

இரண்டாவது ஓலையும் படித்தார்கள். லூசியா அதற்குள் மூன்று லாரிக்காரர்களிடம் ஆயில் பாக்கி சொல்லி அனுப்பியிருந்தாள். புதன்கிழமை, கல்யாணப் பத்திரிகையும் கையுமாக பிரபு வந்தான்.

“போற வர்றவன்லாம் ஆயிலு ஆயிலுன்னு உசுர எடுக்கறாங்கக்கா. அன்னிக்கே இல்லன்னு சொல்ட்டீங்களே, இன்னும் இன்னா?”

“அன்னிக்கு இல்ல. இன்னிக்கு இன்னான்னு பாப்போம். கைய நீட்டு.”

தேவநாதன் மூன்று விதமாகப் பார்த்தான். மூன்றிலும் இருந்தது. பிரபு பத்திரிகையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். லூசியா நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“ஜெசிகிட்டயும் சாமியார்கிட்டயும் நானே சொல்றேன்கா,” என்றான் பிரபு கடைசியில். “நீங்க வெளிய நின்னுக்கினு இருங்க. போதும்.”

இரண்டு இடத்திலும் அவள் வெளியே நின்றாள். மூன்றாவது ஞாயிறு வேறு பேர்களைப் படித்தார்கள். பிரபு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இன்றும் வண்டி ஓட்டுகிறான். ஜெசிக்கு இரண்டு வருஷம் கழித்து மயிலத்தில் கல்யாணமானது. லூசியா அதன் பிறகு அட்டையை வண்டிக்குக் கொடுப்பதில்லை. டிரைவரின் லைசென்சுக்குள் வைத்துத் தன் கையாலேயே மூடிவிடுவாள்.

2013இல் அவள் கடைசியாகப் போன திட்டக் கூட்டத்தில், சென்னையிலிருந்து வந்த அதிகாரி அவள் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டத்தை ஒருவழியாகப் பார்த்தார். “ஏம்மா, முதல்ல இல்லன்னு வந்து, திரும்பக் கூப்பிட்டதுல நோய் தெரிஞ்சது இத்தனை வருஷத்துல ஒரே ஆள். ஒரே ஒருத்தருக்காக இவ்வளவு அலைச்சலா?” என்றார்.

லூசியா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“ஒருத்தர் இல்ல சார், ரெண்டு பேரு. ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணும் வரல, அத்தொட்டுதான் உங்க பேப்பர்ல இல்ல. போன மாசம் அந்தப் பொண்ணோட ரெண்டாவது கொழந்தைக்கு ஞானஸ்நானம், நான் போய் பிரியாணி துன்னுட்டு வந்தேன். அத்த எந்தக் கட்டத்துல எழுதணும்னு சொல்லுங்க, எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”