பம்பின் முனகல்

அவருக்கு ஊர் வைத்த பெயர் காதுக்காரர். வண்டி தெருமுனை திரும்பும்போதே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பேச்சில் மட்டும் மகா கஞ்சம். கல்யாணமான புதிதில், "என்னைவிட எஞ்சினோடதான் அதிகம் குலாவுறீங்க" என்று மனைவி சண்டை பிடித்தபோது, "அது பேசுது, நான் கேட்டுக்கிறேன்" என்றார். வந்த கோபம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டின் முன்பக்கம்தான் பட்டறை. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எடுத்துத் தருவது அவள் வேலை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேரும் அப்படித்தான் காலத்தை ஓட்டினார்கள். கொஞ்ச காலமாக வாசல் மணி அடித்தால் அவர் அசைவதில்லை. ஒன்றைத் திருப்பிச் சொன்னால், "வாய்க்குள்ளயே பேசாதே" என்று அவள்மேல் பழியைப் போடுவார். டாக்டரிடம் போகலாம் என்றால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார். அதில் எது நிஜம், எது பாசாங்கு என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய வண்டி, இரண்டே சீட்டு. குடும்பஸ்தன் வாங்குகிற வண்டியா அது? வாட்டர் பம்ப் ஒழுகி, எஞ்சின் கொதித்து, பாதி வழியில் கழுத்தறுத்திருந்தது.

"உங்களைத் தவிர வேற யாரையும் இதுல கை வைக்க விடமாட்டேன் மாமா" என்றான். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, பழைய பம்பைக் கழற்றி, ஒட்டிக் கிடந்த கேஸ்கட்டைச் சுரண்டி, புதுப் பம்பைப் பொருத்தினார். கைவேலையில் குறை சொல்ல முடியாது. கடைசியில் பம்பைச் சுழற்றும் பெல்ட். அதை முடுக்குவதில் அவருக்கென்று ஒரு வழி உண்டு. கொஞ்சம் முடுக்கி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார், மறுபடி முடுக்குவார். ஒரு கட்டத்தில் பம்பிலிருந்து மெல்லிய முனகல் எழும். எழுந்ததும் ஒரு மயிரிழை தளர்த்தி விட்டுவிடுவார். அளவு பார்க்கும் கருவியைத் தொட்டதே கிடையாது.

அன்றைக்கும் முனகல் எழுந்தது. அவர் மேலும் முடுக்கினார். முனகல் ஊளையானது. குனிந்து, கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு இன்னும் முடுக்கினார். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். தம்பி முன்னால் புருஷன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இப்பத்தான் முனகுது" என்றார் அவர், ஒரு மயிரிழை தளர்த்திவிட்டு. கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பட்டு மாதிரி ஓடுது மாமா" என்று அந்த ஊளைக்கு மேல் கத்தினான் தம்பி.

பெல்ட்டின் இறுக்கம் தாங்காமல் பேரிங் நொறுங்கிப் பம்ப் சீக்கிரமே போய்விட்டது. தம்பி வேறு பட்டறையில் மாற்றிக்கொண்டு அக்காவுக்கு மட்டும் போன் செய்தான். "மாமாவுக்குத் தெரிய வேணாம்க்கா." அவளும் சரியென்றாள். நல்லது செய்வதாகத்தான் இருவரும் நினைத்தார்கள், பாவம்.

அடுத்த முறை அவன் சாப்பிட வந்தபோது, வாசலில் நின்ற வண்டியின் பானெட்டை அவர் ஆசையாகத் திறந்தார். தான் முடுக்கிய போல்ட்டுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைப்பது அவர் பழக்கம். பம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பானெட்டை மெதுவாக மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். மச்சினனுக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

அவன் போன பிறகு பட்டறைக்கு வந்தார். அவள் தொட்டியில் கைவிட்டு எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பம்பு கத்துச்சா? உனக்குக் கேட்டுச்சா?"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. முதுகைக் காட்டியபடியே பேசினாள். "கேட்டுச்சுங்க. ஆரம்பத்துலயே கேட்டுச்சு. அவனைச் சொல்லவிடாம தடுத்தது நான்தான். உங்களுக்குக் கேக்கலைன்னு ரொம்ப நாளா தெரியும். இனிமே நான் கேட்டுச் சொல்றேன், நீங்க முடுக்குங்க. பட்டறையை மட்டும் விட்டுடாதீங்க."

மனசில் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கண்ணீரோடு பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் வாய் திறப்பாள் என்று அவரும் காத்திருந்தார்.

"நீயும் சொல்லமாட்டே" என்று கடைசியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.