காலி அடுப்பு

தொண்ணூறுகளின் கடைசி. வலியசாலையில் எங்கள் வார்டு கூட்டம். மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு மருந்து மட்டும் போதாது, பகலில் நாலு பேரோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும், அதற்கு வார்டு நிதியில் பணம் ஒதுக்க வேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவள் நான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஆற்றுகால் பொங்காலை; பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள். தெருவில் செங்கல் வைத்து அடுப்புக்கு இடம் பிடித்திருந்தேன். பக்கத்து வீட்டு சாரதா பானையோடு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"மாமி, உங்க பக்கத்துல வெச்சுக்கட்டுமா?"

"என் நாத்தனார் வரா," என்றேன். பொய். பொய்க்குத் துணையாக அங்கே இன்னும் மூன்று செங்கற்களை வைத்தேன்.

அவள் பானையோடு நகர்ந்தாள். அந்தக் காலி அடுப்புக்கு அப்பால் இருந்த, விழிஞ்ஞத்திலிருந்து வந்த முன்பின் தெரியாத பெண் ஒருத்தி, தன் செங்கற்களைத் தள்ளிவைத்து, "இங்க வா மோளே" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

கோயிலிலிருந்து வரும் தீயை அடுப்புக்கு அடுப்பு பற்றவைத்துக் கொடுப்பது வழக்கம். சாரதாவரை வந்த தீ, நான் வைத்த காலி அடுப்பருகே, வாங்கிக் கைமாற்ற ஆளில்லாமல் நின்றுவிட்டது. அவள்தான் எரியும் ஓலையோடு எழுந்து வந்து என் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நாத்தனார் இன்னும் வரலையா மாமி? அவா அடுப்பையும் பத்த வெச்சுடட்டுமா?"

நான் குனிந்து என் அடுப்பை ஊதினேன்.

கூட்டத்தில் நான் கேட்ட இடத்தை அரசாங்கம் எங்கோ கட்டித்தர வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் பக்கத்திலேயே கொஞ்சம் இருந்தது. அதில் நான் செங்கல் வைத்திருந்தேன்.