வரப்பில் நின்று வரைந்த படம்

சிங்கப்பூர் அருங்காட்சியகம் ஒன்றில் நான் தொண்டூழிய வழிகாட்டி. அந்த ஞாயிறு, கிராஞ்சி தொழிலாளர் விடுதியிலிருந்து நம் தமிழ்நாட்டு ஊழியர்கள் வந்திருந்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகள் பருத்தி எடுக்கும் பழைய ஓவியத்தைக் காட்டி, "எவ்வளவு அமைதி பாருங்க!" என்றேன், வழக்கம்போல.

விருதுநகர்க்காரர் ஒருவர் கைதூக்கினார்.

"அக்கா, பருத்தி எடுத்தா காய் ஓடு கீறிக் கையெல்லாம் ரத்தமாயிரும். இவங்க கை கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்கு. ஒருத்தருக்கும் முதுகு வளையல. வரைஞ்சவரு பருத்திக் காட்டுல இறங்கவே இல்ல, வரப்புல நின்னே வரைஞ்சுட்டாரு!"

கூடமே சிரித்தது. என் முகத்தில் அசடு வழிந்தது. அவரோ என் துப்பட்டாவை வாங்கி, இடுப்பில் மடி கட்டி, குனிந்து பருத்தி எடுத்தே காட்டினார். காவலாளிகூடக் கைதட்டினார்.

இத்தனை வருடமாக நானும் வரப்பில்தான் நின்றிருக்கிறேன்.

இப்போதெல்லாம் அந்த ஓவியத்தின் முன் முதலில் கேட்பேன்: "இங்க பருத்தி எடுத்தவங்க யாரு?" கை உயர்ந்தால், மைக்கைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு போய் நின்றுகொள்வேன்.