அளவுச் செருப்பு

தையல் கூடத்தில் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. வீட்டில் பாத்திரம் துலக்கும்போது அதன் நுனி நனைந்த பிறகுதான், கழற்றவில்லை என்பதே அவளுக்கு ஞாபகம் வரும். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் காவலாளிகளுக்கும் சீருடை தைக்கிற இடம் அது. ஜன்னலோர மெஷினில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வலது கால் பெடலில், கண் ஊசியில். வயது நாற்பத்தேழு.

ஓட்டத்தை அவள் தேடிப் போகவில்லை. ஒரு காலை பஸ் கிளம்பிவிட்டது, பின்னாலேயே ஓடினாள், பிடித்தும்விட்டாள். படியில் நின்று மூச்சு வாங்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் பஸ் நேரத்துக்கு முன்பே கிளம்பி, ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை சும்மா ஓடிப் பார்த்தாள். பிடித்துப்போய்விட்டது. சர்க்கரைக்காகவா, இளைக்கவா என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆசைக்கு" என்றாள். அதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. நோய்க்கு ஓடுகிறவளைப் பார்த்தால் ஊர் உச்சுக் கொட்டும். ஆசைக்கு ஓடுகிறவளைப் பார்த்தால் அதே ஊருக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று அறிவித்தார்கள். ஓட முடியாதவர்கள் பின்னால் நடந்து வரலாம். பெயர் எழுத வந்த சூப்பர்வைசர் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

"உங்களுக்கு நடைதானே, அக்கா?"

"ஓட்டம்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். "பென்சில்ல எழுதிக்கறேன். அப்புறம் நடைக்கு மாத்த வசதியா இருக்கும்."

கூடமே சிரித்தது. அறிவிப்புப் பலகையில் தொங்கிய பட்டியலில் எல்லாப் பெயரும் நீல மசியில் இருக்க, அவள் பெயர் மட்டும் பென்சிலில் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. நடந்து வருவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் தன் வாயால் சொன்ன சொல்லை இன்னொருவர் ரப்பரால் அழிக்கக் காத்திருக்கிறாரே, அதை அவளால் சகிக்க முடியவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். விஷயத்தைக் கேட்டதும் "ஓடப்போறியா, ஓடிப்போறியா?" என்றார். ஆனால் மறுநாளே அவளுக்குத் தெரியாமல் அவளுடைய பழைய செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், "இந்த அளவுக்கு ஓடற ஷூ குடுங்க" என்று கேட்டு ஒரு ரோஸ் நிற ஜோடியை வாங்கி வந்துவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் "அளவுச் சட்டை கொண்டாந்தீங்களா?" என்று கேட்கிறவளின் புருஷன் வேறென்ன செய்வார்? அந்தச் செருப்பில் அவள் குதிகால் பின்னால் அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மனுஷன் கவனிக்கவில்லை. செருப்பு பின்பக்கம் திறந்தது, பொறுத்துக்கொள்ளும். ஷூ பொறுக்குமா?

பொறுக்கவில்லை. நான்காவது கம்பத்துக்குள் கட்டைவிரல் முன்சுவரில் முட்டும். ஏழாவதில் சுண்டுவிரல் எரியும். இரண்டு வாரத்தில் வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. அவரோ தினம் காலையில் அந்த ஷூவைத் துணியால் துடைத்து வாசலில் வைக்கிறார். எப்படிச் சொல்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் அவள் நொண்டுவதைப் பார்த்தாள். "வயசுக்குத் தக்கபடி இருக்கக் கூடாதா, அண்ணி?"

"வயசு என்ன பண்ணிச்சு? ஷூ கடிக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

இந்தப் பழமொழியைச் சொன்னவர் யாரோ, அவர் கோணல் கூடத்தில் ஆடிப் பார்த்தவராக இருக்க மாட்டார். ஆனாலும் ஓயாமல் கேட்டால் யாருக்கும் நம்பத் தோன்றும். டேப்பக்காவுக்கும் தோன்றியது. கால் தன்னுடையதுதானே, தப்பும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் மேஜை முன்னால் போய் நின்றாள். 'மாத்திடுங்க' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு காவலாளி, தொடையில் பிரிந்த புதுக் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மன்னிச்சுக்கங்கக்கா. எனக்குத் தொடை கொஞ்சம் பெருசு. உடம்பே ஒரு மாதிரி."

டேப்பக்கா யோசிக்கவே இல்லை. "உடம்புல எங்கய்யா தப்பு? அளவெடுத்தவங்க பண்ணின தப்பு. உடம்புக்குத்தான் துணி."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னதைத் தன் காலுக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

"என்னக்கா, என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல. அந்தப் பென்சிலைப் பத்திரமா வச்சிருங்க."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் தரையில் பழுப்புக் காகிதம் விரித்து, அதன்மேல் நின்றாள். உட்கார்ந்து எடுத்த அளவு நிற்கும்போது பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாததா? நாள் முழுதும் உழைத்துக் கால் வீங்கியிருக்கும் நேரம்தான் சரியான நேரம். பக்கத்து மெஷின்காரி தையல் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டாள். டேப் வைத்துப் பார்த்தால் வலது பாதம் இடதைவிட நீளம், அதைவிட முக்கியமாக அகலம். பெடல் மிதித்தே சம்பாதித்த அகலம்.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் எழுந்து வந்தார்.

"யாருக்கு மேடம்? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"இந்த ரெண்டு காலுக்கு."

"வாக்கிங் போறதுக்கா?"

"ஓடறதுக்கு. முதல்ல ஒரு ஸ்டூல் போடுங்க."

ஓடும்போது போடுகிற காலுறையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். வந்த ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எழுந்து நின்று, முனைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கைப் பெருவிரல் ஒன்றின் அகலத்துக்கு இடமிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். சிலது நீளம் சரி, அகலம் பத்தவில்லை. சிலதில் குதிகால் நழுவியது. ஆறாவது ஜோடிக்கு விற்பனைக்காரர் பொறுமை இழந்தார்.

"போகப் போக விட்டுக்கொடுக்கும் மேடம்."

"நான் பிடிச்சுத் தைச்ச எதுவும் இதுவரைக்கும் விட்டுக்கொடுத்ததில்ல, தம்பி."

"உங்க காலும் ஒரு மாதிரி இருக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"அப்ப பெருசுக்கு எடுங்க. தொளதொளன்னு இருக்கறதை இழுத்துக் கட்டலாம். இல்லாத துணியை எங்கேருந்து கொண்டு வர்றது?"

மேல் தட்டில் பாசிப்பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் முன்பக்கம் நல்ல அகலம். கை காட்டினாள்.

"அது ஆம்பளைங்களுது மேடம்."

"என் காலுக்கு அது தெரியாது. எடுங்க."

போட்டாள். விரல்கள் உள்ளே பிரிந்து படுத்தன. இடது நாடாவைக் கொஞ்சம் இறுக்கினாள். பிறகு கடைக்கு நடுவே, பெட்டிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓடினாள். திரும்பி ஓடினாள். கழுத்தில் டேப் ஆடியது. செருப்பு வாங்க வந்த ஒரு குடும்பம் ஒதுங்கி வழிவிட்டது. விற்பனைக்காரர் "மேடம், மேடம்" என்றார். நான்கு நடை ஓடி முடித்து, எதுவும் முட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் நின்றாள்.

வீட்டில் அதைப் பார்த்த வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. அவள் காலுறையைக் கழற்றி நகத்தைக் காட்டினாள். அவர் குனிந்து அந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார். "அடிப்பாவி, ரெண்டு வாரம் சொல்லாம இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வாசலில் பச்சை ஷூ துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஓட்டத்தன்று அவள் முதலில் வரவில்லை, நடுவிலும் வரவில்லை. ஆனால் ஓடித்தான் வந்தாள். ஒரு கம்பத்திலும் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் கல்யாணம் ஆகாத பையன்கள்.

வீட்டுக்காரரோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த நாத்தனார் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். டேப்பக்கா குடித்துவிட்டு, "கூடத்தை நேராக்கிட்டேன்" என்றாள். தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி வீட்டுக்காரரிடம் காலை நீட்டினாள். "ஒம்பது நகம் நல்லா இருக்கா? பத்தாவது உங்க கைங்கரியம்."

பிறகு வெறுங்காலோடு எழுந்து, பட்டியலை வைத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசரிடம் போனாள்.

"பேனா இருக்கா, சார்?"

அவருக்குப் புரிந்தது. அசட்டுச் சிரிப்போடு ரப்பரைத் தேடினார். "அழிச்சுட்டு நல்லா எழுதிடறேன், அக்கா."

"அழிக்காதீங்க. அது மேலயே எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.