இரண்டு விளக்கு பிடித்த நாள்

பீங்கான் விளக்கு ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை காலை மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் வந்தேன். காரியாபட்டியில் ஏறிய பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, சாமி செலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. பஸ் இன்னும் கொஞ்சம் விரட்டிப் போகக்கூடாதா என்று கால் தவித்துக்கொண்டிருந்தது. அந்த விளக்கு என்னுடையதல்ல, நர்சிங் படித்தபோது என்னுடன் இருந்த அறைத்தோழனுடையது.

அவன் திருச்சுழிப் பக்கத்துக்காரன். அவன் அப்பா லோடு வண்டி ஓட்டினார். நான் வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அம்மாவோடு போனில் தெலுங்கில் பேசினால், அவன் பக்கத்தில் நின்று வாய்க்கு வந்த தெலுங்கையெல்லாம் அடித்துவிட்டு என் மானத்தை வாங்குவான். கட்டுப் போடும் வகுப்பில் அவன்தான் எப்போதும் முதலில் முடிப்பான். அப்படியொரு கை அவனுக்கு.

ஒரு விடுமுறையில் அப்பாவோடு லோடு இறக்கி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். வலி மாத்திரை போட்டான். வலி போனது, மாத்திரை போகவில்லை. நான் பிடுங்கி எறிந்தால் சிரிப்பான். "ஏலே, அளவு தெரியாதவன் தின்னாத்தான் கெடுதி. நாம படிக்கிறவய்ங்க." வெளியாட்களுக்கு வராத தைரியம் இது. மருந்தின் பெயர் மனப்பாடமானதுமே மருந்து நம் பேச்சைக் கேட்கும் என்ற நினைப்பு, வெள்ளைச் சட்டை போட்ட எங்களுக்குத்தான் வரும். சில மாதங்களில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது.

வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் பீங்கான் விளக்கில் மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அவன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அவன் அம்மா, "எம் மகன் டாக்டருக்குப் படிக்கான்" என்று முன்வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் என் விளக்கிலிருந்து அவன் தன் விளக்கைப் பற்றவைத்தான். மேடம் மைக்கில் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். கெடுதலான மருந்தை நானும் உட்கொள்ள மாட்டேன், தெரிந்தே பிறருக்கும் கொடுக்க மாட்டேன் என்ற வரி வந்தது. பக்கத்தில் அவன் குரல் நின்றுவிட்டது.

"இதப் புடிலே," என்று விளக்கை என் கையில் திணித்தான். "பொய் சொல்லிட்டு நோயாளியத் தொட மாட்டேன். சரியாயிட்டு வாரேன்."

மேடையிலிருந்து இறங்கி நேரே அம்மாவிடம் போய்க் காதில் ஏதோ சொன்னான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் இரண்டு விளக்கையும் பிடித்தபடி மிச்ச உறுதிமொழியைக் கத்திச் சொன்னேன். உருகிய மெழுகு மணிக்கட்டில் சொட்டிச் சுட்டது. ஆனால் சத்தியமாக அன்றைக்கு எனக்கு வந்தது பெருமைதான்.

சிகிச்சைக்குப் போனான். தேறினான், மறுபடி சறுக்கினான், மறுபடி போனான். நான் படித்து முடித்து மதுரையில் வேலைக்கே சேர்ந்துவிட்டேன். போன் செய்தால், "வெளக்கு பத்திரமா இருக்காலே?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. இந்த வருஷம் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்கினான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு மறுபடி விளக்கேற்றும் நாள். நான் மூச்சிரைக்க மண்டபத்துக்குள் ஓடியபோது, அவனை 'அண்ணே' என்று கூப்பிடும் சின்னப் பையன்களோடு வரிசையில் நின்றிருந்தான். விளக்கைக் கொடுத்தேன். "துடைச்சியாலே?" என்றான் திமிராக.

முன்வரிசையில் அவன் அம்மா தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார். "எம் மகன் நர்சுக்குப் படிக்கான்," என்று இந்தமுறை அக்கம்பக்கத்தில் சரியாகச் சொன்னார். கெடுதலான மருந்தைப் பற்றிய அந்த வரி வந்தது. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். மேடம் சொல்லி முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல், மண்டபம் அதிர அவன் குரல் முந்திக்கொண்டது. உறுதிமொழி முடிந்து அவன் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் முன்பு நடுங்கிய அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு சொட்டு மெழுகுகூட அதில் விழுந்திருக்கவில்லை.