படகுக்கு வின்ச் மாட்டிய கதை

சூரியநெல்லிக்குக் கீழே உள்ள அணையில் நான் சொந்தமாக வாங்கி ஓட்டும் மோட்டார் படகில், நங்கூரம் தூக்குவது என் மனைவியின் வேலையாக இருந்தது. தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கையால் கயிற்றை விறுவிறுவென்று இழுப்பாள். சேலையெல்லாம் நனையும், திட்டு எனக்கு விழும். அந்த நாட்கள் போல வராது.

போன வருடம் அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கயிறு இழுக்கவே கூடாது என்றார் டாக்டர்.

“அப்போ நான் வீட்லயே இருந்துக்கிடுதேன்” என்றாள்.

அவள் இல்லாத படகில் எனக்கு என்ன இருக்கிறது? நங்கூரத்தைத் தானே இழுக்கும் எலக்ட்ரிக் வின்ச் ஒன்றை வாங்கினேன். படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் இந்த மலையில் எத்தனையோ ஜீப்புக்கு வின்ச் மாட்டியவன் நான். எனக்கு எதற்கு மெக்கானிக்? மேல்தட்டுக்கு அடியில் பலகை கொடுக்க வேண்டாமா என்று அவள் கேட்டது காதில் ஏறவில்லை. ஜீப்பில் செய்வது போலவே படகின் மேல்தட்டில் நேராக போல்ட்டை முறுக்கி, சுவிட்சை அமுக்கினேன். நங்கூரம் சேற்றை விட்டு அசையவில்லை. மேல்தட்டுதான் படபடவென்று விரிசல் விட்டது.

“ஜீப்பு இரும்புலா, இது பைபரு. அப்பவே சொன்னேம்லா, பெரிய இஞ்சினியரே!”

விரிசலை அடைத்து, அடியில் கனத்த பிளைவுட் கொடுத்து மறுபடி முறுக்கினேன். நங்கூரம் சமர்த்தாக ஏறி வந்தது. அவள் முகம்தான் வாடியது.

“இனி எனக்கு இங்க என்ன வேல?”

“சுவிட்ச யாரு அமுக்குவா?” என்றேன்.

அன்றிலிருந்து அந்தச் சுவிட்சை நான் தொடுவதில்லை.