கயிறு பிடிக்க ஓர் ஆள்

மணற்காட்டில் வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால், "பெற்றோல் முடிஞ்சு போச்சோ?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெண் ஓட்டுகிற வண்டிக்கு அதைவிட வேறு நோய் வராது என்று ஒரு நினைப்பு. அது டீசல் வண்டி. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற பழைய பிக்கப். அதன் ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும்.

எனக்கு வீடு யாழ்ப்பாணத்தில், குருநகரில். விடிய ஐஸ் ஏற்றிக்கொண்டு வடமராட்சி கிழக்குக் கரைக்குப் போவேன். அங்கே கடற்கரைக் குடிசைகளில், வாடி என்போம், மீனும் நண்டும் எடுத்து, ஐஸில் போட்டுக்கொண்டு திரும்புவேன். கடைசித் துண்டுக்கு றோட்டு இல்லை, மணல்தான். முன்பெல்லாம் பக்கத்து ஆசனத்தில் அப்பா இருப்பார். வீட்டில் தனியே இருந்தால் விசர் பிடிக்கும் என்று கூடவே வருவார். போன மாரியில் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு எத்தனையோ வருடம் முன்னமே போனவர். இப்போது அந்த ஆசனத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது.

மிஞ்சியிருப்பது தம்பி ஒருவன். பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். அப்பா போன பிறகு அவனுக்கு ஒரே கதைதான்.

"அக்கா, அந்தச் சனியனை வித்துப்போட்டு இங்கை வாவன். தனிய மணலுக்கை கிடந்து ஏன் மாயிறாய்?"

"அங்கை வந்து என்ன செய்யிறது? உன்னோடை இருந்து வெங்காயம் உரிக்கிறதோ?"

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஆனால் அவன் வைத்த பிறகு அந்த வீட்டின் சத்தமின்மை இருக்கிறதே, அதைத் தாங்க ஏலாது. வானொலியைப் போட்டுவிட்டு, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காமலே இருப்பேன். விற்றால் என்ன என்று நானும் யோசிக்கத் தொடங்கியிருந்த நேரம்தான் அது.

அன்று மீன் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மணல் மேடு ஒன்றைக் கடந்து இறங்கும்போது பின்பக்கம் இழுத்துப் பிடித்தது. கருகின மணம் வந்தது. இறங்கிப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் கிழிந்த தங்கூசி வலையை மணலில் எறிந்திருக்கிறான். நைலோன் நூல் சும்மா விடுமா? இடது பின்சில்லுக்கு உள்ளே போய், அச்சைச் சுற்றி இறுகி, பிரேக் குழாயையும் பிடித்திருந்தது. அப்படியே ஓடினால் குழாய் அறுந்துவிடும். பிறகு பிரேக் இல்லாமல் வீடு போய்ச்சேருவதெங்கே!

நின்று கத்தினேன். கேட்க ஒரு காகம்கூட இல்லை.

வண்டியைத் தூக்க ஜக்குப் போடுவது என்றால் சிலருக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. மணல் கொஞ்சம் இறுகிய மட்டமான இடமாகப் பார்த்து, வண்டியை மெல்ல நாலடி ஓட்டி நிறுத்தினேன். கைப் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டேன். வலிகாமம் பக்கம் என்றால் காலில் இடறுவதெல்லாம் கல். இங்கே மருந்துக்கும் ஒரு கல் கிடையாது. அதனால் முன்சில்லுகளுக்கு அண்டை கொடுக்க மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் கிடக்கும். ஜக்குக்குக் கீழே வைக்கக் கனமான பனம் பலகை ஒன்றும் கிடக்கும். பலகை இல்லாமல் மணலில் ஜக்கை வைத்தால் வண்டி ஏறாது, ஜக்குத்தான் கீழே போகும். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினேன். பிறகுதான் உயர்த்தினேன். சில்லைக் கழற்றி, ஸ்பெயார்ச் சில்லோடு ஒன்றன்மேல் ஒன்றாக வண்டியின் சட்டத்துக்குக் கீழே தள்ளினேன். ஜக்குத் தூக்கத்தான், தாங்க அல்ல. அது வழுக்கினாலும் வண்டி சில்லுகளின்மேல் குந்தும், ஆளின்மேல் குந்தாது.

வெளியே நின்று வெட்டக்கூடிய வலையையெல்லாம் கத்தியால் வெட்டி எடுத்தேன். உள்ளே நடுவில் சுற்றிக் கிடந்ததற்கு மட்டும் கை எட்டவில்லை. கீழே போகத்தான் வேண்டும்.

அங்கேதான் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அப்பா சங்கு குளித்தவர். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுநுனி வள்ளத்தில் நிற்கிற மச்சானின் கையில். வேறு யாரையும் நம்பமாட்டார்கள். தன் கூடப்பிறந்தவளின் தாலி அறுக்க எவனும் கயிற்றை விடமாட்டானாம். மேலே ஆளில்லாமல் கீழே போகக்கூடாது. அப்பா கடலை விட்டபிறகும் அந்தச் சட்டத்தை விடவில்லை. நான் வண்டிக்குக் கீழே போனால், வெளியே மணலில் குந்தியிருந்து, "நிக்கிறியோ?" என்று விட்டு விட்டுக் கேட்பார். "ஓம்" என்று நான் சொல்லவேண்டும். எரிச்சலாக இருக்கும். "செத்தா சொல்லுறன், சும்மா இருங்கோ அப்பா" என்று ஏசியிருக்கிறேன்.

சரி, யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கிவிட்டது. தொலைபேசியை எடுத்தேன். வீடியோவில் தம்பி வந்தான், கையில் கத்தி, பின்னால் பெரிய பானைகள்.

"என்னக்கா இந்த நேரத்திலை? ஆருக்கும் ஏதும் நடந்துபோச்சோ?"

"நடக்கிறதுக்கு இனி ஆர் இருக்கினம்? நான்தான் இருக்கிறன். வண்டிக்குக் கீழை போகவேணும். நீ கயிறு பிடி."

"பாரிஸிலை இருந்தோ?"

"ஓம். இடைக்கிடை கூப்பிடு. நான் ஓம் சொல்லாட்டிக் கத்து."

"கத்தி என்ன செய்யிறது?"

"கத்து. வேறை என்ன செய்யப்போறாய்?"

செருப்பை மணலில் குத்தி நிறுத்தி, அதில் தொலைபேசியைச் சாய்த்துவிட்டுக் கீழே போனேன். அவன் கூப்பிட்டான். "நிக்கிறியோ, அக்கா?" அப்பாவின் சொல், அப்பாவின் இழுவை. என் கண் கலங்கிவிட்டது. "ஓம்" என்றேன். வலையை வெட்டினேன். அவன் கேட்டான், நான் சொன்னேன்.

கடைசி முடிச்சு மட்டும் வரமாட்டேன் என்றது. "கோதாரி விழுந்த வலை!" என்று இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுவை இழுத்தேன். அங்கேதான் பிழை. வண்டி ஆடியது, மணலில் பலகை சரிந்தது, ஜக்குப் படாரென்று விழுந்தது. வண்டி நாலு விரல் இறங்கிச் சில்லுகளின்மேல் குந்தியது. என் மூக்குக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கண்ணெல்லாம் மணல். மாதாவே என்று மூச்சை விட்டேன். கையை அசைத்துப் பார்த்தேன், காலை அசைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே தம்பி கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தது தூசியும் சத்தமும் மட்டும்தான்.

"அக்கா! அக்கோய்! நிக்கிறியோ?"

பானை ஒன்று விழுந்த சத்தம். பிரெஞ்சில் யாரோ அவனை ஏதோ கேட்டார்கள். அவன் அவர்களுக்கும் தமிழிலேயே கத்தினான். "என்ரை அக்கா! என்ரை அக்கா!"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயில் மணல்தான், ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அப்பா போனபிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. இன்னுமொருக்கால் கூப்பிடட்டும் என்று கிடந்தேன். கூப்பிட்டான். அழுதழுது கூப்பிட்டான்.

"ஓம்," என்றேன். "நிக்கிறன்."

ஊர்ந்து வெளியே வந்து முகத்தைக் காட்டினேன். அவன் முகம் அவித்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தது. ஏசினான் பாருங்கள், நான் வளர்த்த பிள்ளை என்னை அப்படி ஏசினான்.

"இண்டைக்கே வில்லு! இண்டைக்கே!"

"வித்துப்போட்டு ஆரோடை கதைக்கிறது? சொல்லன். வாடிக்குப் போனாத்தான் நாலு சனம் என்னோடை கதைக்குது. வீட்டிலை சுவர்தான் இருக்கு. நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே எடுக்கிறாய்?"

அவன் முகத்தைத் துடைத்தான். வலையின் மிச்சத்தை எடுத்து, திரும்ப ஜக்குப் போட்டுச் சில்லைப் பூட்டி, கடைசி நட்டை நான் இறுக்கும்வரைக்கும் அவன் தொலைபேசியை வைக்கவில்லை. குசினியில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், அவன் போகவில்லை.

"சரி, விக்காதை," என்றான் கடைசியில். "ஆனா என்னைக் கூப்பிடாமல் கீழை போகாதை. எந்த நேரமெண்டாலும் எடு. வேலை எண்டு பாக்காதை."

அதற்குப் பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுக்கிறான். பாவம், அவனுக்கும் வேலை. வண்டியும் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. கீழே போகவேண்டிய வேலை ஒன்றும் வரவில்லை. மணலில் இறங்கும்போது பின்பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுக்கிறேன். கேட்டால் நல்லது என்று சிலநேரம் நினைக்கிறேன்.